ஒன்பதாவது மரத்தின் நிழல்

அன்று உப்பங்கழியில் இருந்தவர்கள் நான்கு பேர். படம் வந்த பிறகு இதைப் பல தடவை விரல் விட்டு எண்ணிவிட்டேன். கடலோர மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண். அவள் வாடகைக்குப் பிடித்து வந்த வில்லியனூர் வீடியோக்காரர், கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர். படகைக் கோல் போட்டுத் தள்ளிய என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. பிறகு நான். ஐந்தாவதாக யாரும் வரவில்லை. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகியும் கரை முழுக்க முழங்கால் சேறு; ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இரண்டு நாய்கள் நின்றன. ட்ரோன் எழும்பிய சத்தத்துக்கு அவையும் ஓடிவிட்டன.

எங்கள் வீடு பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரத்தில், பெண்ணையாறு கடலைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரிகிற கழியின் கரையில் இருக்கிறது. கடைசி வீடு. நான் பிறந்தது கரையாம்புத்தூரில். நெல்லும் கரும்பும்தான் எனக்குத் தெரியும், உப்புத் தண்ணீர் தெரியாது. மனைவியின் பங்குக்கு வந்த சின்னத் தென்னந்தோப்பை நம்பி இங்கே வந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போவேன்.

எனக்குப் பயம் அதிகம். அதை மறைத்துப் பிரயோசனமில்லை. தினமும் காலையில் வாசற்படியிலிருந்து கரை விளிம்பு வரை நடந்து, எத்தனை அடி வருகிறது என்று பார்ப்பேன். வெள்ளத்துக்கு முன்னால் நாற்பது. வெள்ளம் வடிந்தபின் முப்பத்தொன்று. இன்னொரு வெள்ளம் வந்தால் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டே பல் தேய்ப்பேன்.

கரையை மண் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தவை உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்கள். கழி வளைகிற இடத்தில் அடர்ந்த தோப்பாக நிற்கும். அங்கிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை இடைவெளி விட்டு விட்டு ஒன்பது தனி மரங்கள். எட்டு மரங்கள் என் தொடை கனம். ஒன்பதாவது, வாசலுக்கு நேர் எதிரில் நின்றது, மணிக்கட்டு கனம்தான் இருக்கும்.

எங்களுக்கு வடக்கே ஒருவர் இடம் வாங்கிப் போட்டிருந்தார். சனி ஞாயிறு வருகிறவர்களுக்குக் குடில் கட்டி வாடகைக்கு விடப் போகிறார் என்று பேச்சு. அவருக்கு வண்டிப் பாதை வேண்டும். கரையோரமாக இந்த ஒன்பது மரங்களின் மேல் மண் கொட்டினால்தான் பாதை. அந்த நேரத்தில்தான் கடலோரக் காடுகளை வரைபடமாக்கிக் காப்பாற்றும் திட்டம் என்று அந்தப் பெண் வந்தாள். உயிருள்ள மரம் நிற்கிற கட்டங்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும், கோட்டுக்குள் யாரும் மண் கொட்ட முடியாது, வெட்ட முடியாது என்றாள். ஒன்பது மரமும் கோட்டுக்குள் வந்தால் வீடு நிற்கும், வராவிட்டால் லாரி வரும் என்று எனக்குப் புரிந்தது.

முதலில் அவள் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினாள். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். பாகூர் ஏரியைச் சுற்றி வயலெல்லாம் ரத்தச் சிவப்பு. கழி கறுப்பு. வீடுகள் இருக்கிற இடமெல்லாம் சாம்பல் நீலம், தண்ணீரில் ஊறிய தோல் மாதிரி. உயிருள்ள இலை நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்புமாம். அதைத்தான் சிவப்பாகக் காட்டியிருக்கிறதாம்.

"எங்க வூடு எங்கமா?" என்றேன்.

ஒரு சாம்பல் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

"நாங்க உள்ள இருந்தா செவப்பாத் தெரியாதா?"

"மனுஷங்க தெரிய மாட்டாங்க அண்ணே. செடி கொடிதான்."

மச்சான் சிரித்தான். "மாமா, மேலருந்து பாத்தா நீ எப்பவோ செத்துட்ட."

வளைவில் இருந்த தோப்பு படத்தில் சிவப்பாக இருந்தது. ஒன்பது தனி மரங்கள் இல்லவே இல்லை. படத்தின் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதற்குள் ஒரே மரம் நின்றால் சேற்றின் நிறத்தில் கரைந்துவிடும் என்றாள். போதாததற்கு வெள்ளம் இலையெல்லாம் வண்டல் பூசிவிட்டுப் போயிருந்தது. அதனால் மேலே ட்ரோன், கீழே ஒரு ஆள். ஆள் ஒவ்வொரு கட்டமாகப் போய் மரத்தை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பாக இருந்தால் செத்தது. எத்தனை உயிர் என்று சத்தம் போட்டுச் சொன்னால் அவள் படகிலிருந்தே எழுதிக்கொள்வாள்.

"மேல இருந்து பாக்குறதெல்லாம் ஊகம்தான் அண்ணே. நீங்க தொட்டுச் சொல்றதுக்குப் பேரு தரை உண்மை."

மொத்தம் இருபது கட்டம். மரம் இருக்கிற கட்டத்துக்கு நூற்றைம்பது ரூபாய், வெறுங்கட்டத்துக்கு எழுபத்தைந்து. வெறுங்கட்டத்தில் வேலை குறைவு என்பதால் அப்படி.

காலை எட்டு மணிக்கு இறங்கினேன். நீலச் சட்டை, தூக்கிக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு. வளைவுத் தோப்பில் பதினோரு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரங்களைக் கீறிக்கொண்டே மனசுக்குள் எண்ணி, கடைசி எண்ணை மட்டும் கத்தினேன். "பதினாலு!" "ஒம்போது!" "பதினேழு!" அவள் எழுதினாள்.

ட்ரோன் வரிசை வரிசையாகப் பறந்தது. குளவிக் கூட்டை யாரோ கையில் எடுத்துக்கொண்டு தலைக்கு மேல் நடக்கிற மாதிரி சத்தம். கொக்குகள் போய்விட்டன. அதன் சின்ன நிழல் சேற்றின் மேல் வந்து, என் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போகும். வெயிலிலும் எனக்குச் சில்லென்றது.

"அண்ணா, மேல பாத்துக் கொஞ்சம் சிரிங்க. மாப்ள கணக்கா கீறீங்க" என்று வீடியோக்காரர் கத்தினார்.

"அவுரு கல்யாணத்துலயே சிரிக்கல சார்" என்றான் மச்சான். "ஆல்பத்தப் பாருங்க, எங்கக்கா பக்கத்துல போலீஸ்ல புடிச்சாந்த மாரி நிப்பாரு."

பிறகு தனி மரங்கள். தோப்பிலிருந்து வீட்டை நோக்கி ஒவ்வொன்றாக வந்தேன். ட்ரோன் ஒரு வரிசை முடித்துத் திரும்பும்; நான் ஒரு மரம் நகர்ந்திருப்பேன். சேறு அப்பியிருந்ததால் அவை மரம் மாதிரியே இல்லை. ஆள் உயரத்துக்கு மண்ணைப் பிசைந்து நிறுத்தி, கண் திறக்காமல் விட்டுவிட்டுப் போன உருவங்கள் மாதிரி நின்றன. சுற்றிலும் மூச்சுவேர்கள் விரல் விரலாகச் சேற்றைத் துளைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தன. மிதித்தால் வலிக்குமோ என்று ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.

முதல் மரத்தைக் கீறினேன். பச்சை. "லாபம்!" என்று கத்தினேன்.

என் அப்பா களத்தில் நெல் அளந்தவர். மரக்கால் விழும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். ஒன்று என்று வாயைத் திறந்தால் அது ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். எனக்கும் சின்ன வயதிலேயே அது ஒட்டிக்கொண்டது. எனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால்கூட லாபம் என்பேன், ஒரே மகள்.

"என்ன அண்ணே?" என்று படகிலிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

"லாபம்மா!"

"லாபம்னா?"

சேற்றில் நின்றுகொண்டு, ட்ரோன் சத்தத்துக்கு நடுவில், படித்த பிள்ளைக்குக் களத்துப் பழக்கத்தை எப்படி விளக்குவது? சின்ன விஷயம், அதை விடு என்கிற அர்த்தத்தில், "ஒண்ணுமில்லம்மா!" என்றேன்.

அவள் குனிந்து எழுதினாள்.

அடுத்த மரம், லாபம். எழுதினாள். அதற்கடுத்தது, லாபம். எட்டு மரம் இப்படியே. அவள் பிறகு கேட்கவேயில்லை. புரிந்துகொண்டாள் என்று நான் நினைத்தேன்.

ஒன்பதாவது மரத்தில் கை வைத்தபோது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். யாருமில்லை. இருபது அடி தள்ளிப் படகு, அதில் மூன்று பேர், மூவரும் ட்ரோனைப் பார்த்தபடி. இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மச்சான் ஒரு வாரத்துக்கு என்னை வைத்தே பொழுதை ஓட்டுவான். கீறினேன், பச்சை தெரிந்தது, லாபம் என்றேன்.

மதியம் கரையேறியதும் அந்தப் பெண் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தாள். இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து. இருபது கட்டத்துக்கு மூவாயிரம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏதோ பிடித்தம் போலிருக்கிறது, படித்தவர்கள் கணக்குத் தப்பாது, கேட்டால் பேராசைக்காரன் என்று நினைப்பாளோ என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

சித்திரையில் வரைபடம் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கரும்பலகையை மறைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை. திட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் முதலில் என் வீட்டைத் தேடினேன். இருந்தது. வளைவுத் தோப்பு இருந்தது, சுற்றிலும் சிவப்புக் கோடு. கோடு தோப்போடு முடிந்துவிட்டது. அங்கிருந்து என் வாசல் வரை ஒரே பழுப்பு. ஓரத்தில் அந்த நிறத்துக்குப் பெயர் எழுதியிருந்தது: வெறும் சேறு.

"எங்க சார் ஒம்போது மரம்?" என்று மச்சான் எழுந்தான். "தெனம் அதுலதான் படகு கட்டறேன். படகு இன்னா அந்தரத்துலயா கட்டிக்கினு கீது?"

திட்டத்துக்காரர்களில் ஒருவர் தாளைப் புரட்டினார். "பன்னண்டுல இருந்து இருபது வரைக்கும் எல்லாக் கட்டத்துலயும் பூஜ்யம்னு இருக்கு. கள ஆய்வுல உங்க ஊர்க்காரர்தானே எண்ணிச் சொல்லியிருக்காரு?"

வகுப்பறை முழுக்க என் பக்கம் திரும்பியது. குடில் கட்டப் போகிறவரும் முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றி சொல்கிற மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் ஒருவர் காதுபடவே கேட்டார்: "எவ்ளோ குடுத்தான்பா அவன்?"

வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்குப் போனேன். மரங்கள் நின்றன. கோடை மழை ஒன்று பெய்து வண்டல் பாதி கழுவியிருந்தது. ஆனால் எனக்கு அவற்றின் மேல்தான் சந்தேகம் வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்து, கணினியில் போட்டு, இல்லை என்று எழுதிவிட்டார்களே. இருக்கிற மாதிரி எனக்கு மட்டும் தெரிகிறதோ? கிட்டே போய் ஒவ்வொன்றையும் கீறினேன். பச்சை. மறுநாள் காலையிலும் போய்க் கீறினேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, "நான் பொய் சொல்லலம்மா" என்றேன். அடுத்த வாரமே மடிக்கணினியோடு வந்துவிட்டாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ட்ரோன் எடுத்தது ஒரே படம் இல்லை, நூற்றுக்கணக்கான துண்டுகள், அவற்றை ஓரத்தோடு ஓரம் தைத்து ஒரே படமாக்குவது வழக்கம் என்றாள். பன்னிரண்டாவது கட்டத்தைப் பெரிதாக்கினாள். சேறு. சேற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு குச்சி. குச்சியின் மேல் கை வைத்தபடி நீலச் சட்டைக்காரன் ஒருவன்.

"இது நீங்கதானே அண்ணே?"

"ஆமாம்மா."

பதின்மூன்றாவது கட்டம். அங்கேயும் நீலச் சட்டைக்காரன், கை மரத்தின் மேல். பதினான்கிலும் நான். அவள் படத்தைச் சுருக்கினாள். கரை நெடுக, ஒரே நேரத்தில், ஒரே சேற்றில், எட்டு இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தலை குனிந்து மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ண வச்சிக்கினே என்னால முடியல. எட்டு கீதே" என்றாள் பிறகு. அவள் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு துண்டும் வேற வேற நேரத்துல எடுத்தது. நீங்க நகர நகர எல்லாத்துலயும் விழுந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றாள் அந்தப் பெண். "எனக்குப் புரியாதது வேற. மரம் செத்திருந்தா ஏன் ஒவ்வொண்ணுலயும் இவ்வளவு நேரம் நின்னீங்க? பூஜ்யம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எங்கமா பூஜ்யம்னு சொன்னன்? லாபம்னுதானே சொன்னன்."

"ஆமா. லாபம்னா என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

முதலில் மச்சானுக்குத்தான் உறைத்தது.

"அய்யய்ய! பாப்பா, லாபம்னா ஒண்ணு! ஒண்ணுமில்லன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல, சும்மா உடுனு அர்த்தம்!" தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, ஒம் வாயால ஒம்போது மரத்தக் கொன்னுட்டியே!"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. தன் நோட்டைத் திறந்து வரிசையாகப் போட்டிருந்த பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தப்பு என் மேலதான். ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்" என்றாள். எழுநூறு ரூபாய் கிட்டக் குறைந்தபோது நானும் கேட்டிருக்க வேண்டும். அதை அப்போதுதான் சொன்னேன்.

பிறகு அவள் இருபதாவது கட்டத்தைப் பெரிதாக்கினாள். என் வாசலுக்கு எதிரில் இருக்கிற கட்டம். சாம்பல் நிறத்தில் மெல்லிய குச்சி தெரிந்தது. நான் இல்லை. சேற்றின் மேல் ஒரு நிழல் மட்டும் கிடந்தது. கை ஒன்று மரத்தை நோக்கி நீண்டிருந்தது. நிழலுக்குச் சொந்தக்காரன் நிற்க வேண்டிய இடத்தில் ஈரமான வெறும் சேறு.

"தையல் இந்த இடத்துல போகுது அண்ணே. ஆள் ஒரு துண்டுல மாட்டி, வெட்டுப்பட்டுட்டாரு. நிழல் பக்கத்துத் துண்டுல தங்கிடுச்சு."

மச்சான் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனான். "மாமா, அது நீ இல்ல. நீ தலையில துண்டு கட்டிக்கினு இருந்த. மத்த நெழல்ல எல்லாம் தல உருண்டையா கீது பாரு. இதுக்கு வெறுந்தல."

"சும்மா இருங்க அண்ணே, அதெல்லாம் இவ்வளவு சின்ன நிழல்ல கண்டுபிடிக்க முடியாது" என்று அவள் அதட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் அன்று எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ண ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

அவள் திருத்தம் எழுதி அனுப்பினாள். எட்டுக் கட்டங்களுக்குப் படமே சாட்சி. இருபதாவது கட்டத்தில் ஆள் இல்லாததால் சாட்சி போதாது. எப்படியும் திட்டத்துக்காரர் ஒருவர் நேரில் வந்து ஒன்பதையும் பார்த்துவிட்டுத்தான் கோட்டை மாற்றுவார்கள். ஒன்றிரண்டு மாதம் ஆகலாம் என்றாள்.

பேருந்து ஏறும்போது சொன்னாள்: "அதுவரைக்கும் மரத்தைப் பாத்துக்கங்க அண்ணே. அந்தக் கடைசி மரத்தை முக்கியமா."

பார்த்துக்கொண்டேன். காலையில் அடி அளந்து முடித்ததும் ஒன்பதாவது மரத்துக்குப் போய் நகத்தால் கீறுவேன். பச்சை தெரிந்தால் மனசு அடங்கும். மதியத்துக்குள் மறுபடி கிளம்பும். காலையில் பார்த்தது பச்சைதானா, பழுப்பில் பச்சை கலந்ததா? பழைய கீறல் காய்ந்து பழுப்பாகிவிடும், அதை நம்ப முடியாது. புதிதாகப் பக்கத்தில் ஒன்று. அந்தி சாய்வதற்கு முன்னால் இன்னொன்று. நகம் தேய்ந்தபின் வீட்டுச் சாவி. மற்ற எட்டு மரங்களை விட்டுவிட்டேன். அவற்றுக்குப் பக்கத்தில் நான் நின்றதற்குப் படம் இருக்கிறதே. இதற்குத்தான் நிழலைத் தவிர எதுவுமில்லை.

குனிந்து கீறும்போது என் நிழல் சேற்றில் விழும், கை மரத்தை நோக்கி நீண்டிருக்கும். அப்போதெல்லாம் தலையில் துண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சில நாள் இருக்காது.

ஒரு நாள் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யோவ், நிக்கிற மரத்த உயிரோட கீறியா, உயிரோட கீறியான்னு எத்தினி தபாய்யா கேப்ப? அது எப்படித்தான் பதில் சொல்லும்?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் இருக்கிறாயா என்பதற்கும் கீறியாதான். கீறல் விழுந்த இடத்தில் மறுபடி போடக்கூடாது என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். இடுப்பு உயரத்தில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. இரண்டு முனைகளும் எந்த நாளில் சந்தித்தன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனி முடிவில் இலை மஞ்சளானது. உப்பு கூடியிருக்கும் என்று நினைத்து, அன்றைக்கு மூன்று தடவை கீறிப் பார்த்தேன்.

ஆவணியில் வந்தார்கள். அந்தப் பெண், திட்டத்துக்காரர் ஒருவர், மச்சான், நான்.

"இந்தத் தடவை ஒண்ணுன்னே சொல்லுங்க அண்ணே" என்றாள் அவள்.

முதல் மரத்தில் எனக்கு நாக்கு புரளவில்லை. "ஒண்ணு" என்றேன். எட்டு மரத்துக்கும் எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பா எங்கிருந்தோ முகம் சுளிக்கிற மாதிரி இருந்தது. திட்டத்துக்காரர் அவரே கீறிப் பார்த்துத் தலையாட்டினார். அவள் எழுதினாள்.

ஒன்பதாவது மரத்தில் இலை இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே?"

சாவியால் கீறினேன். கீறல் வளையத்துக்கு மேலே கீறினேன், அதற்கும் மேலே கீறினேன். எல்லாம் பழுப்பு.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

இந்தத் தடவை அவள் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அதையே சொன்னேன். பூஜ்யம் எழுதினாள்.

மச்சான் வளையத்தைத் தடவிப் பார்த்துக் கொதித்தான். "இது தானா சாவல பாப்பா! சுத்தித் தோல உரிச்சா எந்த மரமும் சாவும்னு தெரிஞ்சே உரிச்சிக்கிறானுங்க. அந்தக் குடிலுக்காரன் ஆளுங்கதான். எழுது, அவன் பேர எழுது!"

அவர் பெயர் அந்தத் தாளில் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சாவியை நீட்டினேன். அதன் பல்லுக்குள் பட்டைத் துணுக்கு இருந்தது. தேய்ந்த நகத்தையும் காட்டினேன். மச்சான் வாய் திறந்தபடி நின்றான். கேலி செய்ய அவனுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் மட்டும், "பாத்துக்கங்கன்னு சொன்னேனே அண்ணே" என்றாள், மெதுவாக.

"பாத்துக்கினுதான்மா இருந்தன்."

புது வரைபடம் வந்துவிட்டது. சிவப்புக் கோடு எட்டு மரங்களையும் சுற்றிக்கொண்டு வந்து, என் வாசலுக்கு முன்னால் உள்ளே மடங்கித் திரும்பிவிடுகிறது. வண்டிப் பாதை கிடையாது. எட்டு மரத்தை எடுக்காமல் பாதை போட முடியாது, எடுக்கவும் முடியாது. ஊரில் என்னைப் பற்றிய பேச்சும் ஓய்ந்தது. என் வாசலுக்கு நேரே மட்டும் கரையைப் பிடிக்க ஒன்றுமில்லை. இன்று காலை இருபத்தெட்டு அடி.

ட்ரோன் படத்தை அந்தப் பெண் பெரிதாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். மனைவி அதை உள்ளே மாட்டவிடவில்லை. தேங்காய் போடுகிற கொட்டகையில் மாட்டியிருக்கிறேன். அதில் எட்டு இடத்தில் நான் நிற்கிறேன். வாசலுக்கு எதிரே அந்தக் குச்சியும், கை நீட்டிய நிழலும் அப்படியே இருக்கின்றன. அது தலையில் துண்டு கட்டியதா வெறுந்தலையா என்று வெளிச்சம் நன்றாக இருக்கும்போது பார்ப்பேன். ஒரு நாள் ஒரு மாதிரி தெரியும், மறுநாள் வேறு மாதிரி.

திருத்தத்துக்குப் பிறகு எட்டுக் கட்டத்துக்கான பாக்கி அறுநூறு ரூபாயும் போனுக்கு வந்து சேர்ந்தது. இருபதாவது கட்டம் தாளில் பூஜ்யமாகவே நிற்பதால் அதற்கு அரைக்கூலி சரி என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்த அந்தக் காலையில் அது உயிரோடுதான் இருந்தது. நான் கீறினேன், பச்சை தெரிந்தது, லாபம் என்று கத்தினேன். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த மரத்துக்காக எனக்கு வரவேண்டியது இன்னும் எழுபத்தைந்து ரூபாய்.